கற்பூர வாசனை

முதலில் பெருவிரலால் பிடியைத் தேய்க்க வேண்டும்,
சூடேறும்வரை. பிறகு மோந்து பார்க்க வேண்டும்.
பழைய செல்லுலாய்டு என்றால் கற்பூரம் வரும்.
பிற்பாடு வார்த்த போலி என்றால்
ஆஸ்பத்திரி நடைக்கூடம்,
அல்லது ஒன்றுமே வராது.
முப்பத்தோரு வருடமாக ஸோலிங்கனில்
இந்த மூக்கை வைத்துத்தான் வாடகை கட்டுகிறேன்.

வீப்கே லோகாம்ப் குறுவாளைக்
குளியல் துவாலையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
"போலி என்று எழுதிக் கொடுங்கள்" என்றாள்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
எழுபத்துநான்கு வயது. நில அளவையாளராக இருந்து
ஓய்வு பெற்றவள்.
அவள் அப்பா இதை எழுபத்திரண்டில்
பிரவுன்ஷ்வைக் பழஞ்சாமான் சந்தையில்
ஒரு ரேடியோவைக் கொடுத்து வாங்கினாராம்.
வேடிக்கைக்கு. சுவரில் மாட்ட.

ரைமுண்ட் அன்று கடையில் இருந்தான். சேகரிப்பவன்.
அவளுக்கு வணக்கம் சொல்லவும் மறந்து
குறுக்குக் காப்பின் கழுகையே பார்த்தான்.
ஏலப் பட்டியலில் அச்சிடும்போது
அந்தக் கழுகு நகத்தில் பற்றியிருப்பதன்மேல்
காகிதத் துண்டு ஒட்டி மறைப்போம்.
ரைமுண்டுக்கு அது பொருட்டில்லை, அவனுக்கு இறகுகள்தான்.
எண்ணினான். உருப்பெருக்கியை வாங்கி மறுபடி எண்ணினான்.
வலது சிறகில் ஒன்று குறைவு.
அச்சைத் திருத்துமுன் வார்த்த முதல் சில டஜன்,
இருபது வருடமாகத் தேடுகிறான்.
குழந்தை தூங்கும் அறையில் பேசுவதுபோல்
குரல் இறங்கிவிட்டது அவனுக்கு.

குமிழை இடப்பக்கம் திருகிக் கழற்றினேன்.
மரைக்குள் துரு ஒரே பழுப்பு, யாரும் பூசியதில்லை.
தோல் வளையம் அலகோடு சேர்ந்தே கிழடாகியிருந்தது.
ஊதா விளக்கின் கீழே போலிகள் பல்லிளிக்கும்.
இது இளிக்கவில்லை.

பிடியின் அடியில் மட்டும் நான்கு சின்னப் பள்ளங்கள்.
"சேதம். பத்து சதவீதம் குறையும்" என்றான் ரைமுண்ட்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.
நான் செய்ததைப் பார்த்து, பெருவிரலால் தேய்த்து,
மூக்கருகே கொண்டுபோனாள்.
வெளியே டிராலிபஸ் ஒன்று போய் முடியும்வரை
அப்படியே வைத்திருந்தாள்.
"கசக்கும்" என்றாள்.
என்ன?
"நாக்கில்."
கழுதைக்குத் தெரியாதாம் கற்பூர வாசனை,
பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.
"மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கடிப்பேன்.
மூன்று வயது. பிடுங்கிக்கொண்டார். அடிக்கவில்லை."

ஐம்பத்துமூன்று.
மூன்று பேரும் மனசுக்குள் கழித்துப் பார்த்தோம்.
ரேடியோவுக்குப் பத்தொன்பது வருடம் முந்தி.
வாழ்நாளெல்லாம் எல்லைக்கல் அளந்தவள்,
அவள்தான் முதலில் முடித்திருப்பாள்.

"பட்டாளத்தில் சமையற்காரராக இருந்ததாகத்தான் சொன்னார்."
"சமையற்காரர்களுக்கு இதைக் கொடுக்கமாட்டார்களே,
இது அதிகாரிகள் அணிவது" என்றான் ரைமுண்ட்,
ஒரு நல்ல செய்தியைச் சொல்வதுபோல.
சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது.

படிவத்தை எடுத்தேன்.
அலகு: அசல். காப்பு: அசல், அரிய வகை.
பிடி: அசல்.
போலி என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம்தான்.
தொண்ணூறு யூரோவுக்கு அதைக்கூடச் செய்யாமல்
வேறு எதற்கு இந்த மூக்கு?
ஆனால் பேனா அதற்குள் சேதம் என்ற கட்டத்துக்கு வந்துவிட்டது.
"பற்குறி நான்கு, உரிமையாளருடையது" என்று எழுதினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள்.
"உரிமையாளர் வேண்டாம்.
மகள் என்று போடுங்கள்."

அடித்துத் திருத்தி முத்திரை வைத்தேன்.
தொண்ணூறையும் எண்ணி வைத்தாள்.
துவாலையைச் சுற்றிக்கொண்டு கதவைத் தொடும்போது
ரைமுண்ட் பின்னாலேயே போய் ஒரு தொகை சொன்னான்.
என் கடைக்கு ஒரு வருட வாடகை அது.

அவள் திரும்பினாள்.
"பல்லோடா,
பல் இல்லாமலா?"